ஏற்காட்டுச் சரிவில் ஒரு நடைபாதை வெட்டிய கதை

எங்கள் சிற்றூருக்குப் பஸ் வராது. சேர்வராயன் மலையில், தார்ச்சாலையை விட்டு 110 மீட்டர் மேலே, காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் வீடுகள். ஜீப் போகிற மண் ரோடு மலையைச் சுற்றிக்கொண்டு வரும். அதனால் நடக்கிறவர்கள் எல்லாரும் பஸ் நிற்கிற இடத்திலிருந்து நெட்டுக்குத்தாக ஏறும் ஒற்றையடிப் பாதையைத்தான் பிடிப்பார்கள். 480 மீட்டர் நடந்தால் 110 மீட்டர் ஏறியாக வேண்டும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 23 சதவீத ஏற்றம்.

அந்தப் பாதை பாழாய்ப் போனதற்கு, ஆள் நடந்து நடந்து தேய்ந்துவிட்டது என்றுதான் ஊரில் காரணம் சொல்வார்கள். அது பாதிதான் சரி. கால் செய்கிற வேலை புல்லைக் கொன்று மண்ணை இறுக்குவது. இறுகிய மண்ணில் மழைத்தண்ணீர் இறங்காது, மேலாக ஓடும். பாதையோ மலைச்சரிவு எந்தப் பக்கம் விழுகிறதோ அதே பக்கம் நேராக இறங்குகிறது. தண்ணீருக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? ஐப்பசி மழையில் மேலே நுழைகிற தண்ணீர் கீழே தார்ச்சாலை வரை பாதையை விட்டு விலகவே விலகாது. முழங்கால் ஆழத்துக்கு அரித்துவிட்டது. அதில் நடக்க முடியாமல் பக்கத்தில் இன்னொரு தடம் போட்டார்கள், அதுவும் அரித்தது. கடைசியில் மூன்று ஓடைகள் அக்கம்பக்கமாக இறங்கின.

இதற்கு நடுவில் ஒருமுறை சிமெண்ட் படி போட்டுக் கொடுத்தார்கள். எடுத்துச் செய்தவர் யார் என்பது இங்கே தேவையில்லை. படியில் கால் வைக்கலாம், தண்ணீரைத் திருப்ப முடியாது. தண்ணீர் படிக்கு இரண்டு பக்கமும் ஓடி, அடிமண்ணைக் குடைந்து எடுத்துவிட்டது. நடுப்பகுதியில் படிகள் கீழே பிடிமானம் இல்லாமல் அந்தரத்தில் நின்றன. தலையில் காப்பி மூட்டையோடு அதில் இறங்கியவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

எனவே பழைய பாதையைச் சரிசெய்யும் பேச்சே எடுக்கவில்லை. மலையை நேராக ஏறாமல், சரிவுக்குக் குறுக்கே வளைந்து போகிற புதுப்பாதை வேண்டும் என்று ஊரில் பேசி முடிவெடுத்தோம். பாதை சரிவுக்குக் குறுக்கே போனால், மேலிருந்து வருகிற தண்ணீர் அதன் அகலத்தை மட்டும் தாண்டி மறுபக்கம் இறங்கிவிடும். பாதையோடு கூட ஓடாது. மலைப்பாதை போடுகிறவர்கள் உலகெங்கும் வைத்திருக்கிற விதி ஒன்று உண்டு: பாதையின் ஏற்றம், அந்த இடத்து மலைச்சரிவில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. சரிவு 40 சதவீதம் என்றால் பாதை 20-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்ணீர் குறுக்கே போவதை விட்டுவிட்டுப் பாதையையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். இதோடு, மொத்த ஏற்றம் சராசரியாக 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். எங்கள் உயரத்துக்கு 1,300 மீட்டர் நீளம் எடுத்தால் சராசரி எட்டரைக்குப் பக்கத்தில் வரும்.

இந்தப் பாதி விதியில் ஒரு வில்லங்கம் உண்டு. செங்குத்தான சரிவில் பாதை போடுவதுதான் கஷ்டம் என்று தோன்றும். உண்மையில் சமதளம் போலத் தெரிகிற இடம்தான் ஆபத்து. எங்கள் வழியில் பாதி தூரத்தில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே விசாலமான இடம் இருக்கிறது. சரிவு வெறும் 12 சதவீதம். மண்வெட்டி கூட வேண்டாம், செடியை வெட்டினால் போதும் என்று எல்லாருக்கும் ஆசை. ஆனால் 12-இல் பாதி 6. அங்கே 9 சதவீதத்தில் ஏறினால் மழைத்தண்ணீர் பாதைக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் அந்தப் பகுதியில் ஏற்றத்தை 5 சதவீதமாகக் குறைத்து, அதற்கு ஈடாக அடுத்த செங்குத்துப் பகுதியில் 11 சதவீதம் வைத்தோம்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாதை போகிற இடத்தில் பெரும்பகுதி மூன்று தோட்டக்காரர்களின் பட்டா நிலம், கொஞ்சம் புறம்போக்கு. எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டோம், ஊராட்சியில் தெரிவித்தோம். கிழக்கே காப்புக்காட்டு எல்லைக்கல் நிற்கிறது. அந்தப் பக்கம் ஓர் அடி கூட நகரவில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறிகள் இறந்த பிறகு, காட்டுக்குள் மலையேற்றத்துக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகளே வந்துவிட்டன. இன்று வனத்துறையின் 'டிரெக் தமிழ்நாடு' மூலம், 2024-இல் திறந்த 40 வழித்தடங்களில், முன்பதிவு செய்து வழிகாட்டியோடுதான் போக முடியும். அது சரியான ஏற்பாடு என்பது என் கருத்து. காட்டுக்குள் யார் வேண்டுமானாலும் பாதை வெட்டலாம் என்றால் காடு மிஞ்சாது.

வழி குறிப்பதற்கு முன்னால், பாதை தொட வேண்டிய இடங்களையும் தொடக் கூடாத இடங்களையும் பிரித்தோம். பஸ் நிற்குமிடம், அரசமரத்தடிக் கோயில், சேலம் பக்கம் சமவெளி தெரிகிற பாறை, இவை தொட வேண்டியவை. பாறை எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நல்ல காட்சி இருக்கிற இடத்தைப் பாதை தொடாவிட்டால், ஆட்கள் தாங்களாகவே அங்கே ஒரு தடம் போட்டுக்கொள்வார்கள். தொடக் கூடாதது ஊற்றுக்குக் கீழே இருக்கிற சதுப்பு. அதை முழுக்கத் தவிர்க்க முடியவில்லை, பின்னால் சொல்கிறேன்.

ஏற்றத்தை அளக்க ஃபோனில் சாய்மானம் காட்டுகிற ஆப் ஒன்றை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். ஒரு கழியில் என் கண் உயரத்துக்குச் சிவப்புத் துணி கட்டி, ஒரு பையனை முன்னால் அனுப்பி, துணியைக் குறிபார்த்து 9 சதவீதம் வரும் வரை அவனை மேலே கீழே நகர்த்துவது. புதர் மறைக்காத இடத்தில் இது நன்றாகவே வேலை செய்யும். உண்ணிச்செடி மண்டிய புதருக்குள் துணியே தெரியாது. எங்களோடு இருந்த கொத்தனார் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் பையிலிருந்து டியூபை எடுத்தார்.

"ஃபோனைக் கேட்டுக்கிட்டு நின்னா பொழுது போயிரும் தம்பி. தண்ணியக் கேளுங்க."

"டியூப் லெவல்ல மட்டம்தானே அண்ணா வரும், நமக்கு ஏத்தம் வேணுமே?"

"பத்து மீட்டருக்குத் தொண்ணூறு சென்டிதானே ஏத்தம்? மட்டத்தைப் புடிச்சுட்டு தொண்ணூறு மேல ஏத்திக் குத்துங்க, தீந்துது."

அவ்வளவுதான். வீடு கட்டுகிறவர்கள் தளமட்டம் பார்க்கிற, தண்ணீர் நிரப்பிய அதே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய். இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்து, தண்ணீர் ஆடி அடங்கும் வரை காத்திருந்து, மட்டம் எடுத்து, அதற்கு மேல் 90 சென்டிமீட்டரில் முளைக்குச்சி. புதருக்குள்ளும் குழாய் வளைந்து போகும், குறிபார்க்க வேண்டியதில்லை. குறித்த வழியை அன்றே வெட்ட ஆரம்பிக்காமல் ஒரு மழை வரும் வரை விட்டுவைத்தோம். மழையில் குடையோடு நடந்து பார்த்தபோது தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கிருந்து கசிகிறது என்று தெரிந்தது. சில குச்சிகளைப் பிடுங்கி மேலே நட்டோம்.

குச்சி வரிசையைப் பார்த்ததும் ஊரில் முணுமுணுப்பு. "காலு நோவுதுன்னு பாதை கேட்டா, ரெண்டு மடங்கு நடக்க விடறியே கண்ணு" என்று ஓர் ஆயா நேராகவே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. மலையேறிகள் 1892-இலிருந்து நெய்ஸ்மித் விதி என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: சமதளத்தில் மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதன்படி பழைய பாதைக்கு 17 நிமிடம், புதியதற்கு 27 நிமிடம். பத்து நிமிடம் கூடத்தான். ஆனால் அந்தக் கணக்கில் மூட்டையை இறக்கி வைத்து மூச்சு வாங்குகிற நேரம் சேராது. 23 சதவீதத்தில் உட்காராமல் ஏறுகிறவர் எங்கள் ஊரில் இளவட்டங்கள் மட்டும்தான். ஆயாவிடம் கணக்கைச் சொல்லவில்லை. முதலில் வெட்டி முடித்த துண்டில் நடந்து பார்க்கச் சொன்னோம்.

வெட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாதை அகலம் 90 சென்டிமீட்டர். 45 சதவீதச் சரிவில் இந்த அகலத்தை முழுக்க மலைக்குள் வெட்டினால், உள்பக்கம் சுமார் 36 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டு விழும். பாதியை வெட்டி, அந்த மண்ணை வெளிப்பக்கம் போட்டு மீதி அகலத்தை நிரப்பினால் வேலை பாதியாகக் குறையுமே என்று தோன்றும். போட்ட மண் எவ்வளவு திமிசுக்கட்டையால் இடித்தாலும் வெட்டாத மண்ணின் கெட்டி வராது. இரண்டு மழையில் வெளி ஓரம் கீழே உட்கார்ந்துவிடும், அப்புறம் நடக்கிறவர்கள் உள்பக்கமாக ஒதுங்கி மேல்சுவரைச் சிராய்ப்பார்கள். ஆகையால் முழு அகலமும் வெட்டாத மண்ணிலேயே. ஒரு மீட்டர் நீளத்துக்குக் கால் டன் மண்ணாவது வெளியே வரும். அதை ஒரே இடத்தில் கொட்டினால் கீழே இருக்கிற காப்பிச் செடியின் கழுத்து மூடி அழுகிவிடும். பாண்டுச் சட்டியில் அள்ளி, மரங்களுக்கு நடுவே மெலிதாக விசிற வேண்டும். மண் வெட்டுவதைவிட இதற்குத்தான் ஆள் அதிகம் பிடித்தது.

வெட்டிய தளம் மட்டமாக இருக்கக் கூடாது. வெளிப்பக்கமாக 5 சதவீதம் சாய்வு, அதாவது 90 சென்டிமீட்டர் அகலத்துக்கு நாலரை சென்டிமீட்டர் இறக்கம். நடக்கிறவர் காலுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். ஒரு டென்னிஸ் பந்தைப் பாதை நடுவில் வைத்து விட்டால் அது நம்மோடு கீழே ஓடி வராமல் வெளி ஓரத்தைத் தாண்டி விழ வேண்டும். பையன்கள் இந்தச் சோதனையை மிகுந்த கடமையுணர்ச்சியோடு செய்தார்கள். பந்தைத் தேடி எடுக்கத்தான் நேரமானது. உள்பக்க வெட்டுச் சுவரையும் செங்குத்தாக விடாமல் சாய்த்துச் சீவினோம். செங்குத்தாக விட்டால் மழையில் இடிந்து பாதையில் விழும்.

இவ்வளவு சாய்வு கொடுத்தும், காலப்போக்கில் நடு அமுங்கி வெளிச்சாய்வு மறையும். அதற்காகத்தான் மடைகள். ஏறிக்கொண்டே போகிற பாதையை 15 முதல் 20 மீட்டருக்கு ஒருமுறை இறங்க வைத்து, பிறகு ஏற்றுவது. மூன்று நான்கு மீட்டர் நீளத்துக்கு மெதுவாக ஒரு சாணுக்கு மேல் இறங்கி மறுபடி எழும். இறங்குகிற அடிப்புள்ளியில் வெளிப்பக்கம் அகலமாகத் திறந்துவிட வேண்டும். மேலிருந்து பாதையில் சேர்ந்த தண்ணீர் எவ்வளவு பிடிவாதமாக ஓடி வந்தாலும் அந்த மேட்டில் ஏற முடியாது, வெளியேறியாக வேண்டும். வெளியேறுகிற வாயில் தண்ணீர் குழி பறிக்காமல் இருக்கக் கை அகலக் கற்களை நெருக்கிப் பதித்தோம். பாதைக்குக் குறுக்கே மரக்கட்டை பதிக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கட்டைக்குப் பின்னால் மண் சேர்ந்ததும் தண்ணீர் அதைத் தாண்டி ஓடும், கட்டையும் கரையான் தின்று போகும். வேண்டாம் என்றுவிட்டோம்.

கொண்டை ஊசி வளைவுகள் இரண்டு. இரண்டே போதும் என்று பாடுபட்டு நீளமான குறுக்குப் பாதைகளாக வைத்தோம். காரணம், வளைவுதான் செலவு, வளைவுதான் சண்டை. மேல் பாதையும் கீழ்ப் பாதையும் ஒன்றுக்கொன்று கண்ணில் பட்டால் குறுக்கே குதித்துப் போகாத மனுசன் கிடையாது. முதல் வளைவைப் பெரிய பாறைக்குப் பின்னால் ஒளித்துவிட்டோம். இரண்டாவதற்கு அப்படி இடம் அமையவில்லை. அங்கே கல்கட்டு எழுப்ப வேண்டியிருந்தது.

கல்கட்டுக்குச் சாந்து கிடையாது. கல் எல்லாம் பாதை வெட்டியபோது கிடைத்ததுதான். இது முழுக்கக் கொத்தனார் அண்ணாவின் ராஜ்ஜியம். அஸ்திவாரத்தை உள்பக்கம் சாய வெட்டி, இருப்பதிலேயே பெரிய கல்லை அடியில் வைத்தார். ஒவ்வொரு வரிசையும் மலைப்பக்கம் கொஞ்சம் பின்வாங்கும், ஓர் அடி உயரத்துக்கு இரண்டரை அங்குலம். கீழ் வரிசையில் இரண்டு கல் சேருகிற இடத்துக்கு மேலே கட்டாயம் ஒரு முழுக்கல் உட்கார வேண்டும். இடையிடையே நீளக் கல்லை முகம் மட்டும் வெளியே தெரிய, உடம்பு முழுக்கச் சுவருக்குள் போகிற மாதிரி வைத்துப் பூட்டினார். நான் அழகாக இருக்கிறதே என்று ஒரு பட்டைக்கல்லை நீளவாக்கில் முகப்பில் வைக்கப் போனேன். "முகத்தைக் காட்டற கல்லு நிக்காது, முதுகு நீண்ட கல்லு நிக்கும்" என்று வாங்கித் திருப்பி வைத்துவிட்டார். பின்னால் மண்ணுக்குப் பதில் பொடிக்கல்லைக் கொட்டினோம். தண்ணீர் கல்லுக்கு நடுவே கசிந்து வெளியேறிவிடும். சாந்து பூசியிருந்தால் அதே தண்ணீர் சுவரைத் தள்ளியிருக்கும். மொத்த வேலைக்கும் ஒரு மூட்டை சிமெண்ட் கூட வாங்கவில்லை.

வளைவுகளில் உண்ணிச்செடியை நன்றாகத் தள்ளி வெட்டியதற்கு வேறு காரணம். இங்கே காட்டுமாடு தோட்டத்துக்குள் சாதாரணமாக நடமாடும். திடீரென்று பத்தடியில் எதிர்ப்பட்டால் இரண்டு தரப்புக்கும் நல்லதல்ல. பதினைந்து மீட்டர் முன்னாலேயே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிற அளவுக்கு வெளி வேண்டும். பாதை திறந்த முதல் வாரமே மண்ணில் குளம்புத் தடம் விழுந்திருந்தது. அதற்கும் ஒன்பது சதவீதம்தான் பிடிக்கும் போல.

பழைய பாதையை அப்படியே விட்டிருந்தால் புதியது வீண். ஓடையாகிப் போன பள்ளத்துக்குக் குறுக்கே இடுப்பளவு கூட வராத கல்தடுப்புகளை அடுக்கி, வெட்டிய உண்ணிச்செடியை அதன் மேல்பக்கம் திணித்தோம். மழையில் வருகிற மண் தடுப்புக்குப் பின்னால் தங்குகிறது, தங்கிய மண்ணில் புல் வந்துவிட்டது. தார்ச்சாலையில் மழைக்கு மழை சேர்கிற செம்மண் குவியல் இப்போது கணிசமாகக் குறைந்திருக்கிறது. வாலிபப் பையன்கள் இன்னும் அந்த வழியாகத்தான் ஓடுகிறார்கள். அதைத் தடுக்க நம்மால் ஆகாது. பைக்கில் புதுப்பாதையில் ஏறப் பார்த்தவர்களை மட்டும், நுழைவாயிலில் முழங்கால் உயரக் கற்களை முன்பின்னாக நட்டு நிறுத்தினோம். தலைச்சுமைக்காரர்களுக்கு அது இடைஞ்சல் இல்லை.

பாதையால் என்ன பயன் என்று கேட்டால், நாங்கள் எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது இன்னொன்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் காப்பிச் சுமைக்கும் என்றுதான் ஆரம்பித்தோம். இப்போது காலையில் அதிகம் பார்ப்பது, எங்கும் போக வேண்டிய வேலையே இல்லாமல் நடக்கிறவர்களை. சர்க்கரைக்காக நடக்கச் சொல்லியும் நடக்காதவர்கள், மலையில் நடை என்றால் ஏற்றம்தான் என்று பயந்திருந்தார்கள். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு முறை ஏறி இறங்கினால் ஐம்பது நிமிடம் ஆகிறது, வாரத்துக்கு மூன்று முறை போதும். 2023-இல் அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு மாவட்டம் 8 கிலோமீட்டர் நடைப்பாதை குறித்ததே, அது நகரத்து ரோட்டோரம். மலை ஊர்களுக்கு இந்த மாதிரி மண்பாதைதான் பொருந்தும். கேள்வி கேட்ட ஆயா இப்போது கோயில் மரத்தடி வரை தினமும் போய் வருகிறார். மேலே வரை வருவதில்லை. அதற்குக் காரணம் பாதை இல்லை, அங்கே பேச்சுத்துணை கிடைக்கிறது.

வெளியூர்க்காரர்களும் பாறையைத் தேடி வர ஆரம்பித்திருக்கிறார்கள். இலங்கை மலையகத்தில் பழைய தேயிலைத் தோட்டப் பாதைகளை இணைத்து, கண்டியிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்களாக பெக்கோ டிரெயில் என்று வகுத்திருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்கள் வழியாகவே போகிற பாதை. நடக்க வருகிறவர் வழியில் சாப்பிட்டால் அந்தக் காசு ஊருக்குள் வரும் என்பது அங்கே எண்ணம். இங்கே இப்போதைக்கு வருவது காசைவிடப் பிளாஸ்டிக் பாட்டில்தான் அதிகம்.

பராமரிப்புக்கு ஆள் பிரிப்பதில் அமெரிக்காவின் அப்பலாச்சியன் டிரெயிலைப் பார்த்துக்கொண்டோம். சுமார் 3,500 கிலோமீட்டர் பாதையைத் தன்னார்வச் சங்கங்கள் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு பார்க்கின்றன. எங்கள் 1,300 மீட்டரையும் துண்டு போட்டு, எந்தத் துண்டு எந்த வீட்டுத் தோட்டத்துக்கு அருகில் இருக்கிறதோ அந்த வீட்டிடம் கொடுத்தோம். வேலை பெரியதல்ல. முதல் பெருமழைக்குப் பிறகு மடை வாயில் அடைத்திருக்கிற சில்வர் ஓக் சருகையும் வண்டலையும் மண்வெட்டியால் இழுத்துவிட வேண்டும். அந்தச் சருகு ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, தோல் மாதிரி தண்ணீரைத் தடுக்கும். இரண்டாவது, வெளி ஓரத்தில் எழும்புகிற வரப்பு. நடக்கிற கால் நடுமண்ணை அமுக்கி ஓரத்துக்கு ஒதுக்கும், மேல்சுவரிலிருந்து உதிர்கிற மண்ணும் அங்கேயே போய்ச் சேரும். இரண்டு விரல் உயரம் வந்தாலே தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பாதைக்குள் ஓட ஆரம்பித்துவிடும். பார்வைக்குப் பாதைக்குக் கரை கட்டியது போல அழகாக இருப்பதால், அதைச் சீவி எறியச் சொன்னால் மனசே வராது பலருக்கு. ஒரு வீட்டில் அந்த வரப்பின் மேல் செம்பருத்திக் குச்சியே நட்டுவிட்டார்கள். பேசிப் பிடுங்க வேண்டியிருந்தது.

ஆய்வுக்குச் சரியான நேரம் மழை பெய்துகொண்டிருக்கும்போதுதான். வெயிலில் பார்த்தால் எல்லாப் பாதையும் நன்றாகத்தான் தெரியும்.

மிச்சம் இருப்பது ஊற்றுக்குக் கீழே 18 மீட்டர். தண்ணீர் மேலிருந்து ஓடி வராமல் மண்ணுக்குள்ளிருந்தே கசிகிறது. வெளிச்சாய்வும் மடையும் அங்கே உதவாது. மழைக்காலத்தில் மிதிக்க மிதிக்கச் சேறு அகலமாகிறது, ஆட்கள் ஒதுங்கி ஒதுங்கி ஏற்கெனவே இரண்டு மீட்டர் ஆக்கிவிட்டார்கள். ஜல்லி கொட்டினால் சேற்றுக்குள் அமிழ்ந்துவிடும். மேல்பக்கம் ஒரு வாய்க்கால் எடுத்து, பெரிய பட்டைக்கற்களை ஒன்றோடொன்று முட்டும்படி அடி வரை ஆழமாகப் பதித்து, நடுவில் தண்ணீர் கடக்க இரண்டு இடத்தில் திறப்பு விடுவதாகக் கொத்தனார் அண்ணா திட்டம் சொல்லியிருக்கிறார். அந்த அளவுக் கல் பாதையோரத்தில் இல்லை, பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உருட்டி வர வேண்டும். காப்பிப் பழம் பறித்து முடிந்து ஆள் கிடைப்பது தை பிறந்த பிறகுதான். மாசி, பங்குனிக்குள் கசிவும் அடங்கியிருக்கும். கடப்பாரை நான்கு இருக்கிறது, இன்னும் இரண்டு வாங்க வேண்டும்.